வெளிநாட்டு வங்கியில் கணக்கு தொடங்குவது பயன் தருமா?

கேள்வி இதுதான்: கையில் ஓரளவு சேமிப்பு இருக்கிறது. அதில் ஒரு பங்கை வெளிநாட்டு வங்கியில் போட்டு வைத்தால் வரி குறையும், வட்டி கூடும், உள்நாட்டில் என்ன நடந்தாலும் அந்தப் பணம் பத்திரமாக இருக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா? அதற்காக இவ்வளவு அலைச்சல் படலாமா?

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் உங்களுக்கு ஏதாவது வேலை இருந்தால், அதாவது சம்பளம், வாடகை, பிள்ளையின் படிப்பு, வியாபாரம், பிற்காலத்தில் குடியேறும் எண்ணம் என ஏதாவது ஒன்று இருந்தால், கணக்கு தொடங்குங்கள். அது ரொம்ப உதவும். அப்படி எதுவும் இல்லாமல் வரிக்காகவோ, வட்டிக்காகவோ, காரணம் தெரியாத ஒரு பயத்துக்காகவோ என்றால் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். பல ஆண்டுகளாக இந்த மாதிரிக் கணக்குகளுக்கான காகித வேலைகளோடு பழகியவன் என்ற முறையில் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

வெளிநாட்டுக் கணக்கை ஆஃப்ஷோர் கணக்கு என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நடுக்கடலில் ஒரு தீவும், எண் மட்டும் போட்ட ரகசியக் கணக்கும் நினைவுக்கு வரும். உண்மையில் அதன் பொருள் சாதாரணமானது. நீங்கள் வரி கட்டும் நாட்டுக்கு வெளியே உள்ள வங்கியில் உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அவ்வளவுதான். வேலைக்குப் போன நாட்டில் சம்பளக் கணக்கு தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் மூடாமல் விட்டிருந்தால் அதுவும் இந்த வகைதான். பெரும்பாலான நாடுகளில் இப்படி வைத்திருப்பது குற்றம் கிடையாது. வரிக் கணக்கில் காட்டாமல் மறைப்பதுதான் குற்றம்.

வரி மிச்சமாகும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சுவிட்சர்லாந்திலிருந்து. 1934-இல் அங்கே ஒரு வங்கிச் சட்டம் வந்தது. வாடிக்கையாளரின் விவரத்தை வெளியே சொல்லும் வங்கி ஊழியருக்குச் சிறைத் தண்டனை விதிக்கலாம் என்றது அது. அடுத்த எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சட்டத்தின் பெயரில் உலகின் பணம் அங்கே போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்து லிக்டென்ஸ்டைன், கேமன் தீவுகள், பனாமா என்று பல இடங்கள் அதே வழியில் இறங்கின. அந்தக் காலத்தில் வட்டி வருமானத்தை ஊரில் சொல்லாமல் விட்டால் கண்டுபிடிக்க வழி இருக்கவில்லை. இன்றும் உங்களிடம் வரி மிச்சம் என்று சொல்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் காலத்துக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அது எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2008-இல் லிக்டென்ஸ்டைன் வங்கி ஒன்றின் முன்னாள் ஊழியர் வாடிக்கையாளர் பட்டியலை ஜெர்மனி உளவுத் துறைக்கு விற்றது வெளியே வந்தது. ஜெர்மனியின் அஞ்சல் நிறுவனத் தலைவரே அதில் சிக்கிப் பதவி விலகினார். 2009-இல் சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய வங்கியான யூபிஎஸ் அமெரிக்காவுக்கு 78 கோடி டாலர் கட்டவும், சில ஆயிரம் அமெரிக்க வாடிக்கையாளர்களின் விவரங்களைக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. 2010-இல் அமெரிக்கா ஃபாட்கா என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. உலகில் எந்த வங்கியாக இருந்தாலும் தன்னிடமுள்ள அமெரிக்கர்களின் கணக்கை அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அமெரிக்காவிலிருந்து அந்த வங்கிக்கு வரும் குறிப்பிட்ட வருமானங்களில் 30 சதவீதம் பிடித்துக்கொள்ளப்படும். அப்புறம் மற்ற நாடுகள் சும்மா இருக்குமா? 2014-இல் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி, நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தங்களுக்குள் தானாகப் பரிமாறிக்கொள்ளும் சிஆர்எஸ் என்ற பொது ஏற்பாட்டை உருவாக்கியது. 2017 செப்டம்பரில் முதல் பரிமாற்றம் நடந்தது. கேமன் தீவுகள், பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகள், ஜெர்சி எல்லாம் முதல் சுற்றிலேயே இருந்தன. சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர், ஹாங்காங், ஐக்கிய அரபு அமீரகம், பனாமா ஆகியவை 2018-இல் சேர்ந்தன. இப்போது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் இதில் இருக்கின்றன.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைக் கிட்டே வைத்துக் காட்டுகிறேன். இந்த ஏற்பாட்டில் உள்ள எந்த நாட்டில் கணக்கு தொடங்கினாலும், விண்ணப்பத்தோடு ஒன்றிரண்டு பக்கத்தில் ஒரு சுய அறிவிப்புப் படிவம் வரும். அதில் ஒரு சின்னக் கட்டம்: நீங்கள் வரி செலுத்தும் நாடு எது? பக்கத்திலேயே இன்னொரு கட்டம்: அந்த நாட்டு வரி எண் என்ன? கீழே கையெழுத்து. பலர் வங்கிக் கட்டணப் பட்டியலை வரி வரியாகப் படித்துவிட்டு இந்தத் தாளை மட்டும் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி, வரி எண், கணக்கு எண், ஆண்டு முடிவில் இருந்த இருப்பு, அந்த ஆண்டு வந்த வட்டி எல்லாம் வங்கி இருக்கும் நாட்டு வரித் துறைக்குப் போய், அங்கிருந்து உங்கள் நாட்டு வரித் துறைக்கு வந்துவிடும். யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. தானாக வரும். கம்பெனி ஒன்றைப் பதிவு செய்து அதன் பெயரில் கணக்கு வைத்தாலும், அது வெறும் பெயருக்கான கம்பெனி என்றால் அதன் பின்னால் இருக்கும் ஆளைத் தேடி அவர் பெயரில் அறிவிக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டிலேயே எழுதியிருக்கிறது.

அமெரிக்கா சிஆர்எஸ்ஸில் சேரவில்லை. அதனால் அங்கே போட்டால் தெரியாது என்று இப்போது சிலர் புதிதாகச் சொல்கிறார்கள். பல நாடுகளுக்கு அமெரிக்காவோடு தனி ஒப்பந்தம் இருக்கிறது, வட்டி விவரம் அதன் வழியே போகிறது. போகாத நாடாகவே இருந்தாலும் உங்கள் நாட்டுச் சட்டப்படி நீங்கள் காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கும். 2016-இல் பனாமாவின் ஒரே ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள் வெளியே வந்தன. இன்று தெரியாது என்பதை வைத்து இருபது ஆண்டுக்கான திட்டம் போட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரி கூடுதலாகப் பிடிபடவும் வாய்ப்பு உண்டு, இது பலருக்குத் தெரியாது. சுவிட்சர்லாந்து வரியில்லாத நாடு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சுவிஸ் வங்கி தரும் வட்டியில் 35 சதவீதம் மூலத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். சிறு தொகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வெளிநாட்டுக்காரர் அதைத் திரும்பப் பெற இரு நாட்டு வரி ஒப்பந்தம் இருக்க வேண்டும், படிவம் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். அதற்குள் சொந்த நாட்டில் அதே வட்டிக்கு வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கும்.

வட்டி விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அதிக வட்டி தரும் நாட்டின் பணம் பொதுவாக மதிப்பு இறங்கிக்கொண்டிருக்கும் பணம். 2023 தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 19 துருக்கி லிரா இருந்தது, ஆண்டு முடிவில் 29-ஐத் தாண்டிவிட்டது. அங்கே கிடைத்த வட்டியை இந்த இறக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் சுவிஸ் ஃபிராங்க்: மதிப்பு இறங்காமல் நின்றது, ஆனால் 2015 தொடக்கம் முதல் 2022 நடுப்பகுதி வரை அந்நாட்டு மத்திய வங்கியின் வட்டி விகிதம் பூஜ்யத்துக்குக் கீழே 0.75 சதவீதத்தில் இருந்தது. பெரிய தொகை வைத்திருந்தவர்களிடம் வங்கிகள் பணம் வைத்ததற்கே கட்டணம் வாங்கின. வட்டிக்காக வெளிநாடு போகிறவர் உண்மையில் அந்த நாட்டு நாணயத்தின் மேல் பந்தயம் கட்டுகிறார். அதைத் தெரிந்தே செய்தால் சரி.

இனி பாதுகாப்பு. மூன்று காரணங்களில் இதுதான் மரியாதைக்குரியது, இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். சொந்த நாட்டு வங்கிகள் ஒரே வாரத்தில் கதவைச் சாத்திக்கொண்ட கதைகள் நிஜம்.

அர்ஜென்டினாவில் 2001 டிசம்பரில் மக்கள் தங்கள் கணக்கிலிருந்து வாரத்துக்கு 250 பெசோதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. அப்போது சட்டப்படி ஒரு பெசோவுக்கு ஒரு டாலர். நான் டாலரில்தானே வைத்திருக்கிறேன், எனக்கென்ன என்று இருந்தவர்கள் பலர். அடுத்த சில வாரங்களில் அவர்களுடைய டாலர் வைப்புகள் ஒரு டாலருக்கு 1.40 பெசோ என்ற கணக்கில் கட்டாயமாக மாற்றப்பட்டன. சந்தையில் டாலர் அதே ஆண்டில் 3 பெசோவைத் தாண்டிப் போய்விட்டது.

லெபனானில் 2019 அக்டோபர் முதல் நடந்தது இன்னும் கொடுமை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு டாலருக்குச் சுமார் 1,507 பவுண்டு என்று நிலையாக வைத்திருந்த நாடு அது. வங்கிகள் நல்ல வட்டி தந்தன, வெளிநாட்டில் உழைத்தவர்கள் எல்லாம் டாலரை அங்கே அனுப்பிச் சேர்த்தார்கள். ஒரு நாள் வங்கிகள் டாலர் தருவதை நிறுத்தின. கணக்குப் புத்தகத்தில் டாலர் என்றே இருக்கும், கையில் வாங்கப் போனால் கிடைக்காது. பவுண்டு தன் மதிப்பில் 98 சதவீதத்துக்கு மேல் இழந்தது. 2022 செப்டம்பரில் பெய்ரூட்டில் ஒரு பெண், புற்றுநோயில் கிடந்த சகோதரியின் சிகிச்சைக்காக, பொம்மைத் துப்பாக்கியோடு வங்கிக்குள் போய்த் தன் சொந்தக் கணக்கிலிருந்து சுமார் 13,000 டாலரை வாங்கி வந்தார். கொள்ளை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அது அவருடைய பணம்.

இந்த இரண்டையும் ஒரு காரணத்துக்காகத்தான் சொன்னேன். உள்நாட்டு வங்கியில் டாலரில் வைப்பதும் வெளிநாட்டு வங்கியில் டாலரில் வைப்பதும் ஒன்று போலத் தோன்றும். நாணயம் எது என்பதைவிட, எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கீழே அந்த வங்கி இருக்கிறது என்பதுதான் நெருக்கடியில் முடிவு செய்யும். உங்கள் நாட்டின் வங்கி முறையே ஆட்டம் காணும் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், நிலையான வேறொரு நாட்டில் சட்டப்படி ஒரு பங்கை வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. பெய்ரூட்டில் அப்படிச் செய்திருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அதை அமைதியான நாளில் செய்திருக்க வேண்டும். கட்டுப்பாடு வந்த பிறகு வழி கிடையாது.

அதே நேரம் வெளிநாடு என்பதாலேயே பத்திரம் வந்துவிடாது. இதற்கு மறுபக்கத்துக் கதைகள் உண்டு.

சைப்ரஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பணத்துக்கு, குறிப்பாக ரஷ்யப் பணத்துக்கு, பேர்போன இடம். ஐரோப்பிய யூனியன் நாடு, யூரோ நாணயம், குறைந்த வரி. 2013 மார்ச் 16, சனிக்கிழமை காலையில் மக்கள் விழித்தபோது, எல்லாக் கணக்கிலும் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொள்ளப் போவதாகச் செய்தி. அந்தத் திட்டத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. ஆனால் மார்ச் 28 வரை வங்கிகள் திறக்கவில்லை, திறந்த பிறகும் நாளைக்கு 300 யூரோதான் எடுக்கலாம். கடைசியில் பேங்க் ஆஃப் சைப்ரஸில் 1,00,000 யூரோவுக்கு மேல் இருந்த தொகையில் 47.5 சதவீதம் அந்த வங்கியின் பங்குகளாக மாற்றப்பட்டது. லைக்கி என்ற இன்னொரு பெரிய வங்கி மூடப்பட்டது, அந்த வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு அநேகமாக எல்லாமே போயிற்று. 1,00,000 யூரோவுக்குள் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கோடு எங்கே விழுந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்லாந்து இன்னொரு பாடம். அங்குள்ள ஒரு வங்கி ஐஸ்சேவ் என்ற பெயரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இணையம் வழியாக வைப்புகளைத் திரட்டியது. உள்ளூர் வங்கிகளைவிட வட்டி அதிகம் என்பதால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டார்கள். 2008 அக்டோபரில் வங்கி விழுந்தது. ஐஸ்லாந்து அரசு தன் நாட்டுக்குள் இருந்த வைப்புகளுக்கு முழுப் பொறுப்பு ஏற்றது. வெளிநாட்டுக் கிளைகளில் போட்டவர்களுக்கு ஏற்கவில்லை. பிரிட்டிஷ் அரசும் டச்சு அரசும் தங்கள் மக்களுக்குத் தாங்களே கொடுத்துவிட்டுப் பிறகு பல ஆண்டு வழக்காடின. 2013-இல் தீர்ப்பு ஐஸ்லாந்துக்குச் சாதகமாக வந்தது. நெருக்கடி வந்தால் ஒரு நாடு முதலில் தன் சொந்த வாக்காளரைத்தான் பார்க்கும். நீங்கள் அங்கே வாக்காளர் இல்லை.

ஆக, பாதுகாப்புக்காக என்றால் பார்க்க வேண்டிய முதல் விஷயம் வைப்புக் காப்பீடு, அதாவது வங்கி விழுந்தாலும் எவ்வளவு தொகை வரை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பது. ஐரோப்பிய யூனியனில் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 1,00,000 யூரோ. அமெரிக்காவில் 2,50,000 டாலர். சுவிட்சர்லாந்தில் 1,00,000 ஃபிராங்க். சிங்கப்பூரில் 2024 முதல் 1,00,000 சிங்கப்பூர் டாலர், ஆனால் சிங்கப்பூர் டாலரில் உள்ள வைப்புக்கு மட்டும். அங்கே அமெரிக்க டாலர் வைப்பாக வைத்தால் அந்தக் காப்பீடு சேராது. இந்த மாதிரி விதிகளைக் கணக்கு தொடங்கும்போது யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். ஜெர்சியிலும் ஐல் ஆஃப் மேனிலும் பல ஆண்டு 50,000 பவுண்டாக இருந்தது. இன்னும் சிறிய இடங்களில் காப்பீடே இருக்காது, இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் அரசின் கஜானா அங்குள்ள வங்கிகளைவிடச் சின்னதாக இருக்கும்.

அப்புறம், தயவுசெய்து இதைக் கவனியுங்கள். ஆன்டிகுவா தீவில் ஸ்டான்ஃபோர்டு இன்டர்நேஷனல் பேங்க் என்று ஒன்று இருந்தது. வைப்புச் சான்றிதழ்களை அமெரிக்க வங்கிகளைவிட அதிக வட்டிக்கு விற்றது. பார்க்க எல்லாம் கௌரவமாக இருந்தது. 2009 பிப்ரவரியில் அது சுமார் 700 கோடி டாலர் மோசடி என்று தெரிந்தது. புதிதாக வந்தவர் பணத்தில் பழையவருக்கு வட்டி கொடுத்திருக்கிறார்கள். உரிமையாளர் ஆலன் ஸ்டான்ஃபோர்டுக்கு 2012-இல் 110 ஆண்டு சிறை. பணம் போட்டவர்களில் பலர் ஓய்வுபெற்ற சாதாரண மனிதர்கள், எண்ணெய் நிறுவனங்களில் உழைத்துச் சேர்த்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேசும் முகவர் எவ்வளவு அன்பாக இருந்தாலும், அந்த வங்கியின் உரிமத்தை அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் நீங்களே போய்ப் பாருங்கள். நான் பார்க்கும் இன்னொரு அடையாளம்: அந்த நாட்டு மக்களே கணக்கு வைக்க முடியாத, வெளிநாட்டுக்காரருக்கென்றே உரிமம் வாங்கிய வங்கியா? அப்படியென்றால் நான் விலகிவிடுவேன். உள்ளூர்க் கடைக்காரரும் ஆசிரியரும் கணக்கு வைத்திருக்கும் வங்கி விழுந்தால் அந்த அரசுக்கு வலிக்கும். மற்றது விழுந்தால் அப்படி வலிக்காது.

செலவைப் பற்றிப் பலர் கேட்பதே இல்லை. 1,000 டாலர் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள், எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் வங்கி நாணயம் மாற்றும்போது சந்தை விலையிலிருந்து 2 சதவீதம் தள்ளி விலை சொன்னால் 20 டாலர் அங்கேயே குறையும். அனுப்பும் கட்டணம் 25. நடுவில் ஒரு வங்கி பணத்தைக் கைமாற்றிவிடுவதற்கு 15 எடுக்கும். போய்ச் சேர்வது 940. திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி இதே வெட்டு. மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் தனி, குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் அபராதம் தனி. பெரிய தொகைக்கு இந்த வெட்டு கண்ணில் படாது. சிறு சேமிப்புக்கு ஒரு வருட வட்டியே போய்விடும். சின்னத் தீவு வங்கிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டாலரைக் கைமாற்றிவிடும் பெரிய அமெரிக்க வங்கிகள், ஆபத்து என்று கருதி, அந்தத் தொடர்பையே அறுத்துவிடுவது உண்டு. 2015-ஐ ஒட்டி பெலீஸ் நாட்டு வங்கிகளுக்கு அப்படி நடந்தது. கணக்கில் பணம் இருக்கும், வெளியே அனுப்ப வழி இருக்காது.

கணக்கு தொடங்குவதும் முன்பு போல எளிதாக இல்லை. கடவுச்சீட்டு நகலுக்கு நோட்டரி சான்று, முகவரிச் சான்று, எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் வந்த வழிக்குச் சான்று. வீடு விற்ற பணம் என்றால் பத்திரம், வங்கிக் கணக்கில் அந்தத் தொகை வந்த பக்கம், வரி கட்டிய ரசீது, வேறு மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பு. இவையெல்லாம் ஒழுங்காக இருப்பவருக்கும் வாரக் கணக்கில் ஆகலாம். பணத்தை வெளியே கொண்டுபோகவும் வரம்பு உண்டு. சீனாவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், இந்தியாவில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்று ஒவ்வொரு நாடும் தன் அளவை வைத்திருக்கிறது. சில நாடுகளில் அனுமதியே கிடையாது. உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள்.

கணக்கு வந்த பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதை வரிக் கணக்கில் காட்ட வேண்டும், பல நாடுகளில் வருமானம் வராவிட்டாலும் காட்ட வேண்டும். அமெரிக்காவின் விதி இப்படி: வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிக்கை தர வேண்டும். ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமையும் பெற்ற ஒருவர் ருமேனியாவுக்கே திரும்பிப் போய் வியாபாரம் செய்தார். இந்த விதி அவருக்குத் தெரியாது. ஐந்து ஆண்டுகளுக்கு அறிக்கை தரவில்லை, பிறகு தெரிந்ததும் தாமாகவே தந்தார். வரித் துறை ஒவ்வொரு கணக்கையும் தனிக் குற்றமாக எண்ணி 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் அபராதம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் ஒரு ஆண்டுக்கு ஒரு அபராதம்தான் என்று ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் சொன்ன பிறகு அது 50,000 ஆனது. ஒரே ஒரு நீதிபதி மாற்றி நினைத்திருந்தால்? அந்த மனிதர் எதையும் ஏய்க்கக் கிளம்பவில்லை.

எனக்கு மனதில் மிகவும் தைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு வைத்திருப்பவர் இறந்துபோனால் என்ன ஆகும்?

ஒரு முறை ஒரு அம்மா என்னிடம் ஒரு உறையைக் கொண்டுவந்தார். கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மேஜை இழுப்பறையில், பழைய மூக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே, ஒரு வங்கியின் கடவு எண் தரும் சிறு கருவி கிடைத்திருக்கிறது. பேட்டரி தீர்ந்து திரை வெள்ளையாக இருந்தது. கூட நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு தாள், அதில் ஒரு கணக்கு எண். அவ்வளவுதான். எவ்வளவு பணம், யாரைக் கேட்பது, எதுவும் தெரியாது. அந்த நாட்டு வங்கி உள்நாட்டு வாரிசுச் சான்றிதழை அப்படியே ஏற்கவில்லை. அந்நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு கேட்டது. மொழிபெயர்ப்பு, ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் அப்போஸ்டில் முத்திரை, அங்கே ஒரு வழக்கறிஞர். ஒன்றரை வருடம் ஆனது. நல்ல எண்ணத்தோடு குடும்பத்துக்காகத்தான் அவர் சேர்த்திருந்தார். மனைவியிடம் சொல்ல மட்டும் மறந்திருந்தார்.

இது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. நாஜிகளுக்குப் பயந்து யூதக் குடும்பங்கள் பல சுவிஸ் வங்கிகளில் பணம் போட்டு வைத்தன. போருக்குப் பிறகு உயிர் தப்பிய பிள்ளைகள் போய்க் கேட்டபோது, முகாம்களில் கொல்லப்பட்டவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் கேட்ட வங்கிகள் இருந்தன. 1998-இல்தான் 125 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது. உரியவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் போய்விட்டார்கள். இப்போது அங்கே சட்டம் மாறியிருக்கிறது. அறுபது ஆண்டு தொடர்பற்றுக் கிடக்கும் கணக்குகளின் பெயர்களை 2015 முதல் பொதுவில் வெளியிடுகிறார்கள். அறுபது ஆண்டு என்பது இரண்டு தலைமுறை.

இதையெல்லாம் மீறி யாருக்கு நான் தொடங்கச் சொல்வேன்? வெளிநாட்டில் சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குபவர், அந்த நாட்டில் வீடு வைத்து வரியும் பராமரிப்பும் கட்டுபவர், பிள்ளை அங்கே படிக்கிறது, மூன்று நான்கு வருடம் ஒரே நாணயத்தில் பணம் கட்ட வேண்டும் என்பவர். பிந்தையவருக்கு நாணயம் இறங்கியிருக்கும் சமயத்தில் வாங்கி வைத்து, தேவைப்படும்போது அங்கிருந்தே கட்டலாம். ஏற்றுமதி செய்து டாலரில் வாங்கி டாலரில் செலவழிக்கும் சிறு வியாபாரிக்கு, அவர் நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால், இரண்டு முறை மாற்றும் நஷ்டம் மிச்சம். இவர்கள் எவருக்கும் தீவு தேவையில்லை. வேலை எந்த நாட்டிலோ, அந்த நாட்டின் சாதாரண வங்கியே போதும்.

கணக்கோடு பங்குகளும் வாங்கலாம் என்று ஆசை காட்டினால் ஒன்று கேட்டு வையுங்கள். அமெரிக்கரல்லாத, அங்கே வசிக்காத ஒருவர் இறந்தால், அவருடைய சாதாரண அமெரிக்க வங்கி வைப்புக்கு அங்கே மரண வரி இல்லை. ஆனால் அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டினால், வரி ஒப்பந்தம் இல்லாத நாட்டவருக்கு 40 சதவீதம் வரை போகலாம்.

தொடங்குவதென்று முடிவு செய்தால், முடிந்தால் துணைவர் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக வையுங்கள், அந்த நாட்டுச் சட்டத்தில் ஒருவர் இறந்த பின் மற்றவருக்கு நேராகப் போகுமா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசி எண்ணை மாற்றினால் அதே வாரம் வங்கியில் மாற்றுங்கள், பழைய சிம்முக்குப் போகும் ஒற்றைக் கடவு எண்ணால் பூட்டிப்போன கணக்குகள் ஏராளம். வங்கியின் பெயர், கிளை, கணக்கு எண், தொடர்பு முகவரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். எந்த இழுப்பறை என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

பெரிய தொகையை உடனே மாற்றிவிட வேண்டாம். முதலில் ஒரு சிறு தொகை, 500 டாலர் போல, அனுப்புங்கள். மூன்று மாதம் கிடக்கட்டும். அப்புறம் அதை முழுவதுமாக உங்கள் உள்நாட்டுக் கணக்குக்கே திரும்ப வரவழையுங்கள். எத்தனை நாள் ஆகிறது, எத்தனை மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கிறது, எதற்கெல்லாம் சான்று கேட்கிறார்கள், கையில் கடைசியில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று குறித்து வையுங்கள். மீதிப் பணத்தை அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்தக் குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ளவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.